கையடக்கமும் நல்லடக்கமும்

கேள்வி: தீபாவளிக்காக அலமாரியைச் சுத்தம் செய்தபோது, 2006 டிசம்பரில் சிம் லிம் சதுக்கத்தில் நான் வாங்கிய கையடக்க இணையக் கருவி கிடைத்தது. கம்பியில்லா இணையம், பாட்டு, படம், மின்னஞ்சல் எல்லாம் இதில் உண்டு என்று சொல்லி விற்றார்கள். மூன்றே மாதத்தில் வெறுத்துப்போய் உள்ளே வைத்துவிட்டேன். ஆசிரியரே, உண்மையைச் சொல்லுங்கள், நான் ஏமாந்தேனா?
- ஒரு வாசகர், ஈசூன்

பதில்: உங்கள் கேள்வியில் ‘கையடக்க’ என்ற சொல்லைத் தாண்டி என்னால் உடனே நகர முடியவில்லை. அந்தக் காலத்துக் கருவிகளில் கையில் அடங்கியது பெட்டி மட்டும்தான். நானும் அப்படி ஒன்றை வாங்கியவன். அடக்க விலைக்கே தருவதாகக் கடைக்காரர் சத்தியம் செய்தார். கையடக்கக் கருவிக்கு அடக்க விலை பொருத்தமே, அடங்காமல் இருந்தது அவருடைய பேச்சு ஒன்றுதான்.

வயர்லெஸ்@எஸ்ஜி என்ற, பொது இடங்களுக்கான இலவசக் கம்பியில்லா இணையச் சேவை, நொடிக்கு 512 கிலோபிட் வேகத்தில் இங்கே சிங்கப்பூரில் தொடங்கியதும் அதே டிசம்பரில்தான் என்பதால், உங்கள் ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நூலகத்தில் உட்கார்ந்திருக்கும்வரை இணையக் கருவியாக இருந்தது, பேருந்து நிறுத்தத்துக்கு வந்ததும் வெறும் பாட்டுப் பெட்டியாகிவிட்டது. சிம் அட்டை செருக அதில் இடமில்லை. வழியில் இணையம் வேண்டுமென்றால், சட்டைப் பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்து, புளூடூத் வழியாக இரண்டையும் இணைக்க வேண்டும். ஒரு கையில் அதுவும் மறு கையில் இதுவுமாக, ஓடும் பேருந்தில் பிடித்துக்கொள்ளக் கையில்லாமல் நான் தள்ளாடியதைப் பார்த்துப் பொறுக்காத மூதாட்டி ஒருவர், எழுந்து எனக்குத் தம் இடத்தைக் கொடுத்தார். கம்பியில்லாக் கருவி என்பதன் முழுப் பொருள் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

இத்தகைய கருவிகளின் முன்னோடிகளில் ஒன்றான நோக்கியா 770, 2005இல் வந்தது. அதன் 4.1 அங்குலத் திரையில் அகலவாக்கில் 800, உயரவாக்கில் 480 புள்ளிகள். அன்றைய கைத்தொலைபேசிகளோடு ஒப்பிட்டால் அது பெரிய தெளிவு. அந்தத் திரைக்குப் பின்னால் இருந்த நினைவகமோ வெறும் 64 மெகாபைட். நான்கு பக்கங்களைத் திறந்தால் மூச்சு வாங்கும் காலம் அது. படம் பார்ப்பதற்கும், முதலில் அதைக் கணினியில் ஏற்றி, சிறிய திரைக்கு ஏற்றவாறு மாற்றி, பிறகு நினைவக அட்டைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மாற்றி முடிப்பதற்குள் கணினியிலேயே அந்தப் படத்தைப் பார்த்து முடித்திருக்கலாம். 2007இல் ஐஃபோன் வந்த பிறகு தொலைபேசியும் இணையமும் ஒரே பெட்டிக்குள் புகுந்துகொள்ள, சிம் இல்லாமலே நெடுநாள் தாக்குப்பிடித்த ஐபாட் டச்சையும் 2022 மே மாதம் நிறுத்திவிட்டார்கள்.

என்னுடைய ஏமாற்றம் வேறு. ‘மறுபடியும் கொம்பு கதையா?’ என்று உதவி ஆசிரியர் முணுமுணுப்பது காதில் விழுகிறது; விழட்டும். 1995 அக்டோபரிலேயே, இங்குள்ள எழுத்தாளர் நா. கோவிந்தசாமியின் முயற்சியால், சிங்கப்பூரிலிருந்து தமிழ் இணையத்தில் ஏறிவிட்டது. அதற்குப் பதினோர் ஆண்டு கழித்து நான் வாங்கிய கருவியில் ‘பொங்கோல்’ என்ற ஊர்ப்பெயர் முதலில் வெறும் கட்டங்களாக வந்தது. மருமகனைக் கெஞ்சி எழுத்துரு ஏற்றிய பின்னர், பகரத்துக்கு இருபுறமும் நிற்க வேண்டிய கொம்பும் காலும், புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தை நடுவில் வைத்துக்கொண்டு, பகரத்துக்குப் பின்னால் போய் நின்றன. அதே ஆண்டில், இதே பத்திரிகையில், ‘அச்சு இதழுக்கு இன்னும் ஐந்தாண்டுதான் ஆயுள்’ என்று ஒரு நண்பர் எழுதினார். அவர் குடியிருப்பது பொங்கோலில். தம் பேட்டையின் பெயரையே உருப்படியாகக் காட்டத் தெரியாத கருவியை நம்பி எனக்கு நாள் குறித்தவர், இன்றும் தம் கட்டுரையின் மெய்ப்பைக் காகிதத்தில் கேட்டு வாங்கித்தான் திருத்துகிறார்.

சரி, ஏமாந்தீர்களா? பழுதான பொருளை ‘எலுமிச்சை’ என்னும் ஆங்கில வழக்கையொட்டி எலுமிச்சைச் சட்டம் என்று இங்கே சொல்லப்படும் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரியவந்தால், அது அப்போதே இருந்ததாகப் பொதுவாகக் கருதப்படும். ஆனால் அந்த விதிகள் நடப்புக்கு வந்தது 2012 செப்டம்பர் 1ஆம் தேதி. உங்கள் எலுமிச்சை அதற்கு ஏறக்குறைய ஆறு வயது மூத்தது. மேலும், உங்கள் கருவியில் பழுது ஏதும் இருந்ததாக நீங்கள் எழுதவில்லை. பெட்டியின் மேல் அச்சிட்டிருந்ததை எல்லாம் அது செய்திருக்கும். எங்கே செய்யும் என்று பெட்டியிலும் அச்சிடவில்லை, நாமும் கேட்கவில்லை.

இனி மிச்சமிருப்பது நல்லடக்கம். வீட்டுக் குப்பைக் குழாயில் மட்டும் வீசிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் லித்தியம் மின்கலன் நசுங்கினால் தீப்பற்றக்கூடும். 2021 ஜூலை முதல் நடப்பிலுள்ள மின்கழிவுத் திட்டத்தின்கீழ்க் கடைத்தொகுதிகளில் தொட்டிகள் வைத்திருக்கிறார்கள், அவற்றில் போடலாம். போடுவதற்குமுன் நினைவக அட்டையைக் கழற்றிக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன். மூன்று மணி நேரம் கணினியின் முன்னால் காத்திருந்து மாற்றிய ஒரு படம், பாதி பார்த்த நிலையில் அதனுடனேயே போய்விட்டது. இடைவேளைக்குப் பிறகு அந்தக் கதாநாயகிக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது.