வாடி, ஓமனுக்குப் போகலாம்!

கேள்வி: எனக்கு 38 வயது. அரசுக் கல்லூரியில் வேலை. பள்ளிக்காலத் தோழியும் நானும் டிசம்பரில் ஏழு நாள் ஓமன் போகத் திட்டம் போட்டிருக்கிறோம். குரூப் டூர் இல்லை. நாங்கள் இருவர் மட்டும், அங்கே கார் வாடகைக்கு எடுத்துக்கொண்டு. விஷயம் தெரிந்ததும் அம்மா, "ரெண்டு பொம்பளைங்க தனியா அரபு நாட்டுக்கா?" என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். கணவர் "உன் இஷ்டம்" என்கிறார். அந்த "உன் இஷ்டம்" எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். இதற்கு நடுவில் தோழி, "தலையை மூடச் சொல்ற இடத்துக்கு எல்லாம் வரமாட்டேன், அது என் கொள்கை" என்கிறாள். பேசாமல் வீட்டில் செமினார் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. போகலாமா, வேண்டாமா?
- பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

பதில்: போங்கள்.

செமினார் கதையை மட்டும் இப்போதே மறந்துவிடுங்கள். அரசுக் கல்லூரி என்கிறீர்கள். வெளிநாடு போகத் துறையிடம் தடையில்லாச் சான்று வாங்கியாக வேண்டும். அந்தக் காகிதம் நாலு மேசை தாண்டி வருவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். தவிர, மஸ்கட்டில் கால் சுளுக்கினால் முதல் போன் வீட்டுக்குத்தான் போகும். அப்போது செமினார் ஹாலில் வழுக்கி விழுந்தேன் என்பீர்களா?

சில வருடங்களுக்கு முன் நானும் ஒரு தோழியும் ஆறு இரவு அங்கே சுற்றியவர்கள். எங்கள் வீட்டிலும் இதே கேள்விதான். முதல் நாள் ஹோட்டலில் வரவேற்பில் இருந்த மலையாளி இளைஞர் இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஸார் எப்போ வருவார்?" என்றார். ஸார் வரமாட்டார் என்றோம். ஒரு நொடி யோசித்தார். அப்புறம் அவரே ஊர் வரைபடத்தை எடுத்து எங்கே தோசை கிடைக்கும், எந்த டாக்ஸி ஆப் நம்பகமானது என்று குறித்துக் கொடுத்தார். ஒரே அறையில் இரண்டு பெண்கள் தங்குவதை அங்கே யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

தொந்தரவே இருக்காது என்று சொல்லமாட்டேன். முத்ரா கடற்கரைச் சாலையில் இரவு நடந்தபோது ஒரு கார் எங்கள் பக்கத்தில் இரண்டு முறை வேகம் குறைத்தது. ஜூஸ் கடைக்குள் நுழைந்துவிட்டோம், போய்விட்டது. முறைத்துப் பார்த்தவர்களும் உண்டு. உண்மையைச் சொன்னால் அவர்களில் பெரும்பாலோர் ஓமானியர்கள் இல்லை, நம் பக்கத்து ஆட்கள். இரண்டு வருடம், மூன்று வருடம் ஊரைப் பார்க்காமல் கட்டட வேலை செய்கிறவர்கள். அதற்காகப் பார்ப்பது நியாயமாகிவிடாது. ஆனால் "அண்ணே, உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டதும் ஒருவர் வெட்கப்பட்டுப் பார்வையைத் தாழ்த்தி, "ராமநாதபுரம் பக்கம்" என்றார். டாக்ஸியில் பின் சீட்டில்தான் உட்காருங்கள். சாப்பாட்டுக் கடைகளில் "ஃபேமிலி ரூம்" என்று திரை போட்ட அறைக்குள் அனுப்புவார்கள். ஒதுக்குகிறார்கள் என்று கோபப்படாதீர்கள், காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிடலாம்.

உங்கள் கடிதத்தில் இருக்கும் பயமெல்லாம் ஆண்களைப் பற்றியது. எனக்கு அங்கே பயம் வந்தது தண்ணீரைப் பார்த்து.

பெரும்பாலும் மழை பெய்தால் மட்டும் ஓடும் மலைப் பள்ளத்தாக்குக்கு அரபியில் "வாடி" என்று பெயர். (தோழிகள் போக வேண்டிய இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது!) மஸ்கட்டிலிருந்து சூர் நகரம் போகும் வழியில் வாடி ஷாப் இருக்கிறது. நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியில் சின்னப் படகில் மறுகரைக்குப் போய், பாறைகளில் முக்கால் மணி நேரம் நடந்தால் பச்சையும் நீலமுமாகக் குளங்கள். அவற்றில் நீந்திப் போனால் தலை மட்டும் நுழைகிற அளவுக்கு ஒரு பாறை இடுக்கு, அதற்குள் குகை, குகைக்குள் அருவி. எனக்கு நீச்சல் தெரியாது. தோழி போனாள், நான் கரையில் பைகளுக்குக் காவல்.

பக்கத்தில் ஓர் ஓமானியக் குடும்பம். சைகையாலேயே கூப்பிட்டுப் பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளினார்கள். ஒரு பெண் பிளாஸ்கிலிருந்து கஹ்வா ஊற்றினாள். பால் இல்லாத, ஏலக்காய் வாசனை வீசும் காப்பி. பிடி இல்லாத குட்டிக் கிண்ணம், அதிலும் கால்வாசிதான். குடித்துவிட்டு நீட்டினேன், ஊற்றினாள். மரியாதைக்கு அதையும் குடித்தேன். மறுபடி ஊற்றினாள். ஐந்தாவது கிண்ணத்தில் நான் விழிப்பதைப் பார்த்து, வீட்டின் பெரியம்மா சிரித்துக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்துக் கிண்ணத்தை இடம் வலமாக ஆட்டிக் காட்டினார். போதும் என்றால் ஆட்ட வேண்டுமாம். ஆட்டாத வரை ஊற்றிக்கொண்டேதான் இருப்பார்கள்.

திரும்பும்போது படகுக்காரர் அடிக்கடி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தலைக்கு மேல் ஒரு மேகம்கூட இல்லை. ஆனால் உள்ளே மலையில் மழை பெய்தால் போதும், வெயில் அடிக்கும் இடத்துக்குக்கூடத் திடீரென்று வெள்ளம் வந்துவிடும். 2024 ஏப்ரலில் அந்த நாட்டில் வந்த வெள்ளத்தில் பள்ளிக் குழந்தைகள் உட்படப் பலர் இறந்துபோனார்கள். அதனால் தினமும் காலையில் வானிலை பாருங்கள். மழை எச்சரிக்கை இருந்தால் வாடியின் பக்கமே போகாதீர்கள். சாலையின் குறுக்கே தண்ணீர் ஓடினால் காரை இறக்கவே கூடாது. உள்ளூர்க்காரர் யாராவது இறக்கினாலும் நீங்கள் நில்லுங்கள். ஓடும் வாடியில் வண்டியை விடுவது அங்கே சட்டப்படி குற்றம். அவசர உதவிக்கு 9999. இருவர் போனிலும் பதிந்து வையுங்கள்.

கார் ஓட்டுவது உங்கள் இருவரில் யார் என்று எழுதவில்லை. அங்கே சாலையின் வலது பக்கம் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் இடது பக்கம். முதல் நாள் முழுக்க நான் இண்டிகேட்டர் என்று நினைத்து வைப்பரைப் போட்டுக்கொண்டிருந்தேன். பாலைவன வெயிலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போகும் ஒரே கார் எங்களுடையதுதான். ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள். சாலைகள் அருமை, வேகத்தைப் பிடிக்கும் கேமராக்களும் ஏராளம். இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே ஓட்டாதீர்கள், ஒட்டகம் குறுக்கே வரும். ஜபல் அக்தர் மலைக்குப் போக ஃபோர் வீல் டிரைவ் வண்டி கட்டாயம். அடிவாரத்தில் போலீஸ் பார்த்துத்தான் விடுவார்கள். வாடகைப் பணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று சின்னக் கார் எடுத்துவிட்டு அங்கே போய் நிற்காதீர்கள்.

இனி உங்கள் தோழியின் கொள்கைக்கு வருகிறேன். ஓமன் வீதியில் வெளிநாட்டுப் பெண்கள் தலையை மூட வேண்டியதில்லை. தோளும் முழங்காலும் மறைகிற உடை போதும். சுடிதார் போட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். வாடியில் குளிக்க டி-ஷர்ட்டும் லெக்கிங்ஸும். தலையை மூட வேண்டியது மசூதிக்குள் மட்டும்தான். திருச்செந்தூரில் சட்டையைக் கழற்றிவிட்டு வா என்றால் ஆண்கள் கழற்றிவிட்டுப் போகிறார்கள், இல்லையா? கட்டாயத்தின் பேரில் வாழ்நாள் முழுக்க மூடுகிற பெண்ணின் போராட்டம் பெரிது. ஒரு மணி நேரம் துப்பட்டா போட்டுக்கொள்ளும் சுற்றுலாக்காரியின் பிடிவாதத்தை அதோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

அப்படியும் வரமாட்டேன் என்றால் அவரை ஹோட்டலில் தூங்கவிட்டு நீங்கள் மட்டும் போங்கள். மஸ்கட்டில் 2001-ல் திறந்த சுல்தான் காபூஸ் பெரிய மசூதியை விடவே கூடாது. மற்ற மதத்தவருக்கு வெள்ளி தவிர மற்ற நாட்களில் காலை 8 முதல் 11 வரை அனுமதி. உள்ளே ஆண்கள் தொழும் கூடம் முழுக்க ஒரே கம்பளம். ஈரானில் 600 பெண்கள் நான்கு வருடம் உட்கார்ந்து நெய்தது. இதைத் தோழியிடம் சொல்லிப் பாருங்கள், ஒருவேளை வருவார்.

வெள்ளிக்கிழமை காலை நிஸ்வாவில் இருக்கும்படி திட்டம் போடுங்கள். வட்டமாக ஆட்கள் உட்கார்ந்திருக்க, நடுவில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்து ஏலம் விடுவார்கள். முகமூடி போட்ட பெதுயின் (பாலைவன நாடோடி இனத்து) பாட்டிகள் ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து விலையைக் குறைக்கும் அழகுக்கே போகலாம். படம் எடுக்கும் முன் அவர்களிடம் கேளுங்கள். ஏழு நாளைக்கு மஸ்கட், நிஸ்வா, ஒரு வாடி, ஒரு பாலைவன இரவு போதும். தெற்குக் கோடியில் இருக்கும் சலாலாவையும் சேர்த்தால் ரோட்டிலேயே நாள் போய்விடும். இருவரும் சண்டைதான் போடுவீர்கள்.

சண்டை என்றதும் ஒன்று. காசுக் கணக்கைத் தினமும் இரவே முடித்துவிடுங்கள். ஒரு ரியால் 200 ரூபாய்க்கு மேல். "அப்புறம் பாத்துக்கலாம்டி" என்று விட்டால் ஊர் திரும்பும்போது மனசில் நிற்கும். நாளுக்கு இரண்டு மணி நேரம் தனித்தனியாகப் போவதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இருபது வருட நட்பாக இருந்தாலும் ஏழு நாள் ஒரே குளியலறை என்பது வேறு விஷயம்.

அம்மாவுக்கு எந்த நாள் எந்த ஊர், எந்த ஹோட்டல் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். அங்கே நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். அவர் தூங்கும் முன் தினமும் ஒரு வீடியோ கால். பழைய மஸ்கட்டில் சுல்தான் அரண்மனைக்குப் பக்கத்தில் சிவன் கோயில் இருக்கிறது, குஜராத்தி வியாபாரிகள் காலத்திலிருந்து. போய்க் கும்பிட்டுவிட்டு விபூதி கொண்டுவருகிறேன் என்று சொல்லுங்கள். என் அம்மா அதில்தான் மசிந்தார்.

மசிந்ததும் பொடி இடித்துக் கட்டிக்கொடுக்க ஆரம்பிப்பார். குருமாப் பொடியில் கசகசா சேர்க்க வேண்டாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள். வளைகுடா நாடுகள் பலவற்றில் அதைப் போதைப்பொருளாகத்தான் பார்க்கிறார்கள்.