கேள்வி – பதில்: காக்கப் போனவர்கள் கவிழ்க்கலாமா?

கேள்வி: ‘உள்நாட்டுப் போரில் வெளிநாடுகள் தலையிட்டு ஆட்சியை மாற்றலாம்’ என்ற தலைப்பை எதிர்த்துப் பேச வேண்டும். லிபியாவை எப்படிக் கையாள்வது ஐயா?
– கல்லூரி மாணவி, பட்டர்வொர்த்

பதில்: 2011 உள்நாட்டுப் போரின்போது லிபியாவை ஆண்ட கடாபி நல்லவரா கெட்டவரா என்று மட்டும் இறங்கிவிடாதீர்கள்; அது எதிரணி வெட்டி வைத்த குழி. ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 1973ஆம் தீர்மானத்தைக் கையில் எடுங்கள். 2011 மார்ச் 17இல் 10 வாக்குகளால் நிறைவேறியது. ரஷ்யா, சீனா, இந்தியா, ஜெர்மனி, பிரேசில் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன. 4ஆம் பத்தி பொதுமக்களைக் காக்கத் தேவையான எல்லா நடவடிக்கைக்கும் இடம் தருகிறது. அந்நிய ஆக்கிரமிப்புப் படைக்கு இடமில்லை. ஆட்சி மாற்றம் என்ற பேச்சே கிடையாது.

அதே ஏப்ரலில் அமெரிக்காவின் ஒபாமா, பிரிட்டனின் கேமரன், பிரான்சின் சர்கோசி என அன்றைய தலைவர்கள் மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையைக் கட்டாயம் முழுசாகப் படியுங்கள். கடாபி போயே ஆக வேண்டும் என்கிறது. படைபலத்தால் அவரை நீக்குவது தங்கள் பணியல்ல என்றும் சொல்கிறது. எதிரணி இரண்டாவதைத்தான் காட்டும். அப்போது தேதிகளை வையுங்கள்: கடாபி கொல்லப்பட்டது அக்டோபர் 20, மேற்கத்திய ராணுவக் கூட்டணியான நேட்டோ நடவடிக்கையை முடித்தது அக்டோபர் 31. அவர் போன பிறகுதான் நிறுத்தினார்கள் என்பதே உங்கள் வாதம்.

“பெங்காசி மக்களைச் சாக விட்டிருக்கலாமா?” என்பார்கள். மேற்கத்திய நாடுகளின் மார்ச் 19 தாக்குதல், கிளர்ச்சியாளர்கள் கையிலிருந்த அந்நகரை நோக்கி வந்த கடாபியின் படையைத் தடுத்தது உண்மை, ஒப்புக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் ஏழு மாதம் நடவடிக்கை தொடர்ந்ததுதான் உங்கள் வழக்கு. 2014க்குள் அங்கே இரண்டு போட்டி அரசாங்கங்கள் வந்துவிட்டன.

ஈராக்கை இழுக்க வேண்டாம். 2003இல் அது நேரடிப் படையெடுப்பு. தலைப்பை விட்டு விலகியதாக நடுவர் குறித்துக்கொள்வார்.