சோபா வாங்கப் போகிறவர்களுக்கு: மெத்தை வேலைக்காரர் ஒருவரின் கேள்வி பதில்

தாம்பரம் வாசகி: பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மூவர் சோபாக்களில் ஒன்றின் விலை மற்றதைவிட இரு மடங்கு. வித்தியாசம் எதில் இருக்கிறது?

துணிக்கு உள்ளே இருக்கிறது, அம்மா. முதலில் ஃபோமைப் பாருங்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதே அதன் அடர்த்தி. நாள்தோறும் உட்காரும் இருக்கைக்கு 40 நல்லது, 32க்குக் கீழே இறங்க வேண்டாம், சாய்மானத்துக்கு அதைவிடக் குறைந்தாலும் பாதகமில்லை. கடைக்காரர் சொல்லும் எண்ணை அப்படியே நம்பாமல், இருக்கை மெத்தையின் ஜிப்பைத் திறந்து, ஃபோமை வெளியே எடுத்து, தராசில் வைக்கச் சொல்லுங்கள். 24 அங்குல நீளம், 24 அங்குல அகலம், 5 அங்குல கனம் உள்ள ஃபோம் 40 அடர்த்தியானால் ஏறத்தாழ 1.9 கிலோவும், 32 ஆனால் 1.5 கிலோவும் இருக்கும். ஒரு கிலோவைக்கூட எட்டவில்லையென்றால் அது சீக்கிரமே பள்ளம் விழுந்துவிடும். அடர்த்தி வேறு, கடினம் வேறு என்பதையும் மறக்க வேண்டாம். 40 அடர்த்தியிலும் மெத்தென்ற ஃபோம் உண்டு.

அடுத்து, சோபாவைப் பின்பக்கமாகச் சாய்த்து அடியைப் பாருங்கள். அங்கே அடித்திருக்கும் கறுப்புத் துணியின் ஓரத்தைக் கொஞ்சம் விலக்கிக் காட்டச் சொன்னால், சட்டம் நல்ல மரமா, பெட்டி உடைத்த பேக்கிங் மரமா என்பதும், மூலைகளில் முட்டுக்கட்டை வைத்துத் திருகு முடுக்கியிருக்கிறார்களா, வெறும் ஸ்டேபிள் பின் அடித்து விட்டிருக்கிறார்களா என்பதும் தெரிந்துவிடும். காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

வேளச்சேரி வாசகர்: தரைத்தள வீடு. பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசையால் ஒட்டி அழுத்திய பலகை) சோபா பரவாயில்லையா?

வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த மரச் சட்டங்களில் பலவற்றை உலர்த்தி மறுபடி மெத்தை கட்ட முடிந்தது. ஊறி உப்பிய பார்ட்டிகிள் போர்டில் திருகு நிற்காது. பிளைவுட் என்றால், தண்ணீரைத் தாங்கும் மரைன் வகைக்கான ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

நாகர்கோவில் வாசகர்: ரப்பர் மரச் சட்டம் உழைக்குமா?

போரான் உப்பு ஏற்றிப் பதப்படுத்திய மரமானால் உழைக்கும். பதப்படுத்தாத ரப்பர் மரம் உளுத்துப் போகும். சோபாவின் அடியில் மைதா போன்ற மெல்லிய தூள் கொட்டிக் கிடந்தால் வண்டு உள்ளே இருக்கிறது என்று பொருள்.

கோவை வாசகி: குழந்தைகள் பால் கொட்டினாலும் துடைத்துவிடலாம் என்று ரெக்சின் வாங்கினோம்; எட்டு ஆண்டுகளாக நன்றாகவே இருக்கிறது. ஆனால் ரெக்சின் வேண்டாம் என்று நீங்கள் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். ஏன்?

பெசன்ட் நகர் வாசகர் (குறுக்கிட்டு): எங்கள் வீட்டில் இரண்டே ஆண்டில் உரிந்துவிட்டது. உட்கார்ந்து எழுந்தால் சட்டை முதுகெல்லாம் கறுப்புச் செதில்.

இருவர் சொல்வதும் உண்மைதான். ரெக்சின் என்பது துணியின் மேல் பிளாஸ்டிக் பூச்சு கொடுத்த செயற்கைத் தோல்; இருவர் வீட்டிலும் இருப்பது வேறு வேறு பூச்சு. மேற்பூச்சு பாலியூரிதேனாக இருந்தால், காற்றிலுள்ள ஈரம் அதன் பிணைப்பைச் சிறிது சிறிதாக அறுத்து, பூச்சை அடித்துணியிலிருந்து உரியச் செய்கிறது. கடலோரப் புழுக்கத்தில் இது விரைவாக நடக்கும், கோவையின் காற்றில் தாமதமாகும். பிவிசி பூச்சு அப்படி உரியாது. ஆனால் தலை சாயும் இடத்தில் எண்ணெய் பட்டுப் பட்டு, அதை இளக்கமாக வைத்திருக்கும் பொருள் வெளியேறி, விறைத்து வெடிக்கும். கோவை அம்மா, உங்கள் சாய்மானத்தின் மேல் விளிம்பை விரலால் அழுத்திப் பாருங்கள். அங்கே மட்டும் விறைப்பாக இருந்தால் இன்றே ஒரு துண்டை விரித்து வையுங்கள்.

பெசன்ட் நகர் வாசகர்: அப்படியானால் அசல் தோல் வாங்கிவிடலாமா?

முழுத் தோலானால் வாங்கலாம். தோல் துகள்களை ஒட்டி மேலே பூச்சு கொடுத்த 'பாண்டட் லெதர்' என்றால் அதுவும் உரியும். எந்த வகை என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். கடலோரத்தில் இருக்கும் உங்களுக்கு என் யோசனை, கழற்றித் துவைக்கத்தக்க துணி உறைதான்.

திருச்சி வாசகர்: எந்த நிறம் பொருந்தும்?

அது உங்கள் விருப்பம். என் தொழிலுக்கு உட்பட்டதல்ல.

சேலம் வாசகர்: எந்தக் கம்பெனி சோபா நல்லது?

தாம்பரம் வாசகிக்குச் சொன்னதைப் படியுங்கள். ஜிப், தராசு, அடிப்பக்கம். இவை எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும்.

மதுரை வாசகி: அம்மாவுக்கு 75 வயது, மூட்டு வலி. தாழ்வான சோபாவிலிருந்து எழச் சிரமப்படுகிறார்.

உங்கள் அம்மாவையே கடைக்கு அழைத்துச் சென்று உட்கார வையுங்கள். அவர் உட்கார்ந்து மெத்தை அமுங்கிய பிறகு தரையிலிருந்து 18 அங்குலம் உயரமாவது இருக்க வேண்டும். உட்காரும் ஆழம், அதாவது இருக்கையின் முன்விளிம்பிலிருந்து சாய்மானம் வரை, 20 அங்குலத்தைத் தாண்டினால் முதுகு சாய்மானத்தில் படாது, கால் தொங்கும். கைப்பிடி அகலமாகவும், ஊன்றி எழும்போது ஆடாமலும் இருக்க வேண்டும். கீழே வெற்றிடம் இருந்தால், எழும்போது பாதத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள இடம் கிடைக்கும். மூட்டு வலி உள்ளவர்களுக்கு அது பெரிய உதவி. சாய்ந்து கால் நீட்டும் ரிக்ளைனர் அடிவரை மூடியிருந்தால் அது கிடைக்காது.

ஆவடி வாசகர்: ஆன்லைனில் பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

இதே கேள்வி பலரிடமிருந்து வந்திருக்கிறது. எல்லோருக்கும் இதுவே பதில். ஃபோம் அடர்த்தியும் மரத்தின் பெயரும் எழுத்தில் இல்லாத சோபாவைப் பாதி விலைக்கும் வாங்க வேண்டாம். அப்படியே வாங்கினாலும், வந்தவுடன் ஜிப்பைத் திறந்து எடை போட்டுப் பாருங்கள். லிஃப்ட், மாடிப்படித் திருப்பம், வாசல் நிலை மூன்றையும் முன்பே அளந்துவிடுங்கள்.

காரைக்குடி வாசகர்: தாத்தா காலத்துத் தேக்குச் சோபா இருக்கிறது. எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கலாமா?

கொடுக்காதீர்கள், ஐயா. மூட்டு ஆடினால் பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி இறுக்கலாம். அடியில் எலாஸ்டிக் நாடா கட்டி, மேலே 40 அடர்த்தி ஃபோம் வைத்து, ஜிப் வைத்த பருத்தி உறை தைத்துக்கொள்ளுங்கள். அளவு எடுக்க வருபவரிடம் ஃபோமை உங்கள் கண்முன்னே எடை போட்டு வைக்கச் சொல்லுங்கள்.