கட்டானாவை இடுப்பில் செருகுவது: சில கேள்விகள்

கேள்வி: அருங்காட்சியகத்தில் ஒரு ஜப்பானிய வாளைக் கூர்ப்பக்கம் கீழே இருக்கும்படியும், இன்னொன்றை மேலே இருக்கும்படியும் வைத்திருந்தார்கள். ஏன்?

கூர்ப்பக்கம் கீழே இருப்பது டாச்சி. குதிரை வீரர்கள் இரண்டு பட்டைகளில் கட்டி இடுப்பிலிருந்து தொங்கவிட்ட வாள். மற்றது கட்டானா. அதை ஓபி என்ற கச்சையின் மடிப்புகளுக்கு நடுவே, கூர் மேலே இருக்கும்படி செருகுவார்கள். உருவும் வீச்சிலேயே வெட்டிவிடலாம்.

கேள்வி: இயாய்தோ என்ற வாள் உருவும் கலையைக் கற்க ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. 70 செ.மீ. வாளை முழுசாக உருவ முடியவில்லை. என் கை குட்டையா?

கை நீளத்தில் குறை இல்லை. உங்கள் இடது கை சும்மா இருக்கிறது, அதுதான் பிரச்சினை. வலது கை வாளை முன்னே கொண்டுபோகும்போது இடது கை உறையைப் பின்னால் இழுக்க வேண்டும், இடுப்பும் கூடவே திரும்ப வேண்டும். இதற்கு 'சாயாபிகி' என்று பெயர். கச்சையை இறுக்கிக் கட்டினால் உறை நகராது. தொளதொளவென்று விட்டால் உறை ஆடும். உறையின் பக்கவாட்டில் இருக்கும் குரிகடா என்ற குமிழ் கச்சைக்கு முன்னால், வெளியே நிற்கட்டும். உறை கீழே நழுவாமல் தாங்குவது அதுதான்.

தயவுசெய்து இன்னொன்றையும் கவனியுங்கள்: உறையைப் பிடிக்கும்போது இடது விரல்களைக் கூர்ப்பக்கத்தில் சுற்றி அழுத்தாதீர்கள். உறை வெறும் மரம். கூரான வாள் அதைப் பிளந்துகொண்டு வந்தால் விரல் போய்விடும். பழகும் காலத்தில் கூர் இல்லாத பயிற்சி வாளே போதும்.

கேள்வி: குனிந்தால் வாள் தானாக நழுவி வெளியே வருகிறது.

வாளின் அடியில் இருக்கும் ஹபாகி என்ற உலோகப் பட்டைதான் உறையின் வாயில் இறுகி நிற்க வேண்டும். நாள்பட வாய் தேய்ந்துவிடும். உள்ளே மெல்லிய மரச்சீவல் ஒன்றை ஒட்டினால் சரியாகிவிடும். அதுவரைக்கும், ஏன் அதற்குப் பிறகும்கூட, குனியும்போதெல்லாம் இடது கட்டைவிரல் கைக்காப்பின் மேல் இருக்கட்டும்.

கேள்வி: சினிமாவில் வருவதுபோல முதுகில் மாட்டலாமா?

தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் நீளமான வாளை அங்கிருந்து உருவ முடியாது, உறைக்குள் திரும்பப் போடுவது அதைவிடக் கஷ்டம்.

கேள்வி: ஒருவர் வீட்டுக்குள் போகும்போது?

கச்சையிலிருந்து உறையோடு எடுத்து வலது கையில் பிடிப்பது வழக்கம். உருவ வேண்டிய கையே உறையைப் பிடித்திருப்பதால், வீட்டுக்காரருக்குப் பயமில்லை. உட்கார்ந்த பிறகு வலப்பக்கம் வையுங்கள்.