குட்டி கடிக்கும்போது கையை இழுக்காதீர்கள், ஆட்டத்தை நிறுத்துங்கள்

கேள்வி: எங்கள் நாய்க்குட்டிக்கு 10 வாரம் ஆகிறது. கை, கால், துணி என்று எதையும் விடாமல் கடிக்கிறது. மாலையில் இன்னும் மோசம். பிள்ளைகள் இருவரும் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள். அதட்டினோம், மூக்கில் தட்டியும் பார்த்தோம். கூடுதலாகத்தான் கடிக்கிறது. வளர்ந்த பிறகு ஆளைக் கடிக்கும் நாயாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: இந்த வயதுக் குட்டி கடிப்பதற்கும் ‘கடிநாய்’ என்று நாம் பயப்படுவதற்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. குட்டி எதையும் வாயால்தான் தொட்டுப் பார்க்கும். கூடப்பிறந்த குட்டிகளோடு அது ஆடிய ஆட்டமே கவ்வுவதும் புரட்டுவதும்தான். அந்த ஆட்டத்தில் ஒரு குட்டி அழுத்திக் கடித்துவிட்டால் மற்றது விலகிப் போய்விடும். எவ்வளவு அழுத்தலாம் என்பதைக் குட்டி அப்படித்தான் கற்கத் தொடங்குகிறது. 8 வாரத்துக்கு முன்பே பிரித்துக் கொண்டுவந்த குட்டியென்றால் அந்தப் பாடம் பாதியில் நின்றிருக்கும். மீதியை நீங்கள்தான் நடத்த வேண்டும்.

இப்போது அதன் வாயில் இருப்பவை 28 பால்பற்கள். முனை ஊசி போல இருக்கும், தாடையில் வலு இருக்காது. அதனால்தான் சுருக்கென்று குத்தினாலும் பெரிய காயம் ஆவதில்லை. வலுவான தாடையும் 42 நிலைப்பற்களும் வருவதற்குள் வாயை அடக்கப் பழகிவிட வேண்டும்.

அதட்டியும் ஏன் கேட்கவில்லை? குட்டியின் பக்கத்திலிருந்து பாருங்கள். சும்மா படுத்திருந்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கடி கடித்ததும் கை துள்ளியது, சத்தம் வந்தது, எல்லோரும் அதையே பார்த்தார்கள். இதைவிடப் பெரிய பரிசு அதற்கு வேறில்லை. மூக்கில் தட்டும் கை, துணிச்சலான குட்டிக்கு இன்னொரு விளையாட்டு. கூச்ச சுபாவமுள்ள குட்டிக்கோ அது முகத்தை நோக்கி வரும் ஆபத்து. அப்படிப் பழகிய குட்டிதான் பின்னாளில் காதைத் துடைக்க, மருந்து கொடுக்கக் கையை நீட்டினாலும் பாயும். வாயைப் பொத்திப் பிடிப்பது, மல்லாக்கப் போட்டு அமுக்குவது, முகத்தில் தண்ணீர் பீய்ச்சுவது எல்லாம் இதே கணக்குதான். குட்டியைப் போல ‘கீச்’ என்று கத்திக்காட்டும் வழக்கமும் உண்டு. சில குட்டிகள் அதைக் கேட்டு நின்றுவிடும். பல குட்டிகளுக்கு வெறி ஏறும். இரண்டு முறை முயன்று பாருங்கள். கூடுதலாகப் பாய்ந்தால் அந்த வழியை விட்டுவிடுங்கள்.

பல் பட்டதும் செய்ய வேண்டியது இதுதான். கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்தால் பல் கீறும், ஓடும் பொருளைத் துரத்தும் ஆசையும் தூண்டப்படும். கையைத் துவளவிட்டு அப்படியே நிறுத்துங்கள். ‘போதும்’ என்று ஒரே ஒரு முறை, சாதாரணக் குரலில் சொல்லுங்கள். பிடி தளர்ந்ததும் எழுந்து, தடுப்புக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விடுங்கள். 15 முதல் 20 விநாடி போதும். திரும்பி வந்து, கடிக்கத் தகுந்த ஒரு பொம்மையைக் கொடுத்து ஆட்டத்தைத் தொடருங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால், எதற்காகப் போனீர்கள் என்பது குட்டிக்கு மறந்துவிடும். அதற்குள் அது நாற்காலிக் காலைக் கடிக்கத் தொடங்கியிருக்கும்.

நீங்கள் விலக வேண்டுமே தவிர, குட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அடைக்கக் கூடாது. தூக்குவதும் தொடுகை, அதுவும் கவனிப்புதான்; துரத்திப் பிடிப்பது இன்னொரு விளையாட்டாகிவிடும். தடுப்புக் கதவு இல்லாத வீட்டில் குட்டிக்கு ஹார்னஸ் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) மாட்டி, 4 அல்லது 5 அடி வாரை நகராத கனமான மேசைக் காலில் கட்டிவிட்டு அதனோடு விளையாடலாம். கடித்தால் இரண்டு அடி பின்னால் போனாலே எட்டாது. கழுத்துப் பட்டையில் கட்ட வேண்டாம், பாய்ந்தால் கழுத்து இறுகும். ஆளில்லாத நேரத்தில் கட்டியும் விடாதீர்கள்.

எல்லாக் கடிக்கும் முதல் நாளே ஆட்டத்தை நிறுத்தினால் நாள் முழுக்க எழுந்துபோகவே நேரம் சரியாக இருக்கும். முதல் ஒன்றிரண்டு வாரம், வலிக்கும் கடிக்கு மட்டும் விலகுங்கள். வாயால் லேசாகப் பிடிப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். வலிக்கும் கடி குறைந்ததும், அழுத்திப் பிடித்தாலே விலகுங்கள். கடைசியாக, பல் தோலில் பட்டாலே ஆட்டம் நிற்கட்டும். இந்தப் படிப்படியான பாடம் பெரியவர்களுக்கு மட்டும். பிள்ளைகள் மேல் பல் படவே கூடாது. அவர்கள் வெறுங்கையால் குட்டியோடு விளையாடவும் கூடாது.

முதல் மூன்று நான்கு நாள் கடி அதிகமாகும். இதுவரை பலித்த வித்தை பலிக்கவில்லையே என்று குட்டி இன்னும் பலமாக முயன்று பார்க்கும். பெரும்பாலான வீடுகளில் இந்த இடத்தில்தான் ‘இது வேலைக்காகாது’ என்று கைவிடுகிறார்கள். வீட்டில் ஒருவர் மட்டும் கையை ஆட்டி ஆட்டிக் கடிக்கவிட்டு ரசித்தாலும் மற்றவர்கள் பட்ட பாடு வீண். சொல்லும் செயலும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் இரண்டு மூன்று வாரத்தில் மாற்றம் தெரியும்.

கைக்குத் தனியாக ஒரு பயிற்சி உண்டு. அன்றைய உணவிலிருந்து 20 துண்டு எடுத்துக்கொள்ளுங்கள், தனியாகத் தின்பண்டம் தேவையில்லை. ஒரு துண்டைக் கைக்குள் மூடி மூக்கருகே காட்டுங்கள். நக்கும், பிறாண்டும், கவ்விப் பார்க்கும்; கையை அசைக்காதீர்கள். வாயை எடுத்து ஒரு கணம் பின்வாங்கியதும் ‘நல்லது’ என்று சொல்லிக் கையைத் திறந்து கொடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு 5 நிமிடம். ஊசிப் பல் வலிக்கிறது என்றால் முதலில் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பழகியதும், திறந்த கையால் தோளையும் காதையும் தொட்டுவிட்டு ஒரு துண்டு கொடுங்கள். கை என்றால் கவ்வும் பொருள் என்ற எண்ணம் போய்விடும்.

காலைக் கடிப்பதற்கு வேறு வழி. நடக்கும் காலும் ஆடும் துணியோரமும் குட்டிக்கு ஓடும் இரை. பிடித்துவிட்டால் அசையாமல் நில்லுங்கள். 2 அடி நீளத் துணிக்கயிற்றை இடுப்பிலோ சட்டைப் பையிலோ வைத்துக்கொண்டு, பாயும் முன்பே அதைத் தரையில் இழுத்துக் காட்டுங்கள். கடித்த பிறகு காட்டிக்கொண்டே இருந்தால், ‘கடித்தால் கயிறு வரும்’ என்று குட்டி கணக்குப் போட்டுவிடும்.

இனி, மாலை நேரம். உங்கள் கடிதத்தில் பெரிய துப்பு இதுதான். இந்த வயதில் ஒரு நாளைக்கு 18 முதல் 20 மணி நேரம் வரை தூக்கம் தேவை. பிள்ளைகளும் ஆட்களும் நடமாடும் வீட்டில் அது முழுதாகக் கிடைக்காது. தூக்கம் கெட்ட குட்டி சோர்ந்து படுக்காது. கண்மண் தெரியாமல் ஓடும், கண்டதையெல்லாம் கடிக்கும். பலரும் இதைத் தெம்பு மிச்சமிருப்பதாக நினைத்து இன்னும் ஓடவிடுகிறார்கள், நிலைமை முற்றிவிடுகிறது. ஒரு மணி நேரம் விழித்திருந்தால் அடுத்து ஒன்றரை, இரண்டு மணி நேரம் தூக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் குறைந்த மூலையில் கூண்டோ சிறு அடைப்போ அமைத்து, மென்றுகொண்டிருக்க ஒரு பொருள் கொடுத்துப் படுக்கவிடுங்கள். மூன்று முறை விலகியும் கடி நிற்கவில்லை என்றால் அது பாடம் கேட்கும் நிலையில் இல்லை. சிறுநீர் கழிக்க அழைத்துப்போய்விட்டுத் தூங்கவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு ‘மரம்’ விளையாட்டைச் சொல்லிக்கொடுங்கள். குட்டி பாய்ந்தால் ஓடாமல், கத்தாமல், கையைக் கட்டிக்கொண்டு தன் காலையே பார்த்தபடி மரம்போல் நிற்க வேண்டும். பெரியவர் உடனே வந்து குட்டியின் கவனத்தைத் திருப்ப வேண்டும். கூட ஆள் இல்லாமல் சிறு பிள்ளைகளையும் குட்டியையும் ஒரே அறையில் விடாதீர்கள். தோலில் கீறியோ ரத்தம் வந்தோ போனால், குட்டிதானே என்று இருந்துவிட வேண்டாம். சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி தேவையா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

கடிக்கக் கொடுக்கும் பொருளை நகத்தால் அழுத்திப் பாருங்கள். சற்றே பள்ளம் விழ வேண்டும். எலும்பு, மான்கொம்பு போன்ற கெட்டியானவை பல்லை உடைக்கும். வாய்க்குள் முழுதாகப் போகும் அளவு சிறியதும் வேண்டாம். பழைய செருப்பைக் கொடுக்கவே கூடாது. பழையது எது, புதியது எது என்று அதற்குத் தெரியாது.

எல்லாமே விளையாட்டு என்றும் இருந்துவிட முடியாது. விளையாட்டுக் கடியில் உடல் தளர்ந்து வளைந்து கொடுக்கும், முன்கால் தாழ்ந்து பின்பக்கம் தூக்கி நிற்கும். உணவுத் தட்டருகே போனால் உடல் விறைத்து, அசையாமல் முறைத்து, உறுமிக் கடிப்பது வேறு ரகம். உறுமலை அதட்டி அடக்காதீர்கள். முன்னறிவிப்பு இல்லாமல் கடிக்கத்தான் கற்கும். தட்டிலிருந்து விலகிவிட்டு, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குறிப்பிட்ட இடத்தைத் தொட்டால் மட்டும் கடித்தாலும் அப்படித்தான். அங்கே வலி இருக்கலாம்.

12 முதல் 16 வாரத்துக்குள் பால்பல் விழத் தொடங்கும். அடங்கியிருந்த கடி அப்போது மறுபடி தலைதூக்கும். பயிற்சி வீணாகவில்லை, ஈறு உறுத்துகிறது. ஈரத் துணியை முறுக்கி உறையவைத்துக் கொடுங்கள். கூடவே இருந்து, இளகியதும் வாங்கிக்கொள்ளுங்கள், விழுங்கிவிடக்கூடும். 6 மாதம் நெருங்கும்போது உதட்டைத் தூக்கிக் கோரைப்பற்களைப் பாருங்கள். பழைய பல் விழாமல் அதனருகிலேயே புதியது முளைத்து இரட்டையாக நின்றால் மருத்துவர்தான் எடுக்க வேண்டும், நீங்கள் ஆட்டிப் பிடுங்க முயன்றால் வேர் முறிந்து உள்ளே தங்கிவிடும்.