முதல் பில்லைப் பார்த்து டெபாசிட்டை உடைக்காதீர்கள்

கேள்வி: அப்பா, அம்மா இருவரும் ஆறு மாத விசாவில் அமெரிக்கா வந்து எங்களோடு இருக்கிறார்கள். போன மாதம் ஒரு ராத்திரி நெஞ்சை அடைக்கிறது என்றார் அப்பா. பக்கத்து மருத்துவமனை எமர்ஜென்சிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினோம். இசிஜி, ரத்தப் பரிசோதனை, சிடி ஸ்கேன் எல்லாம் எடுத்துவிட்டு, இதயத்தில் ஒன்றுமில்லை, வாயுதான் என்று விடியற்காலையில் அனுப்பிவிட்டார்கள். இப்போது 11,400 டாலருக்கு பில் வந்திருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்த விசிட்டர் இன்ஷூரன்ஸ் சில நூறு டாலருக்கு மேல் தராதாம். ஊரில் இருக்கும் டெபாசிட்டை உடைக்கிறேன் என்று அப்பா பிடிவாதம் பிடிக்கிறார். கிரெடிட் கார்டில் கட்டிவிடட்டுமா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி, நியூஜெர்சி

பதில்: வேண்டாம், இப்போதைக்கு ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள். கார்டில் தேய்த்துவிட்டால் அது மருத்துவமனைக் கடனாக இருக்காது, வட்டி ஏறும் வங்கிக் கடனாகிவிடும். அப்புறம் குறைத்துத் தரச் சொல்லி யாரிடம் கேட்பீர்கள்?

அதற்கும் முன்னால் அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். அந்த வயதில் நெஞ்சை அடைத்தால் எமர்ஜென்சிக்குப் போவதுதான் சரி. வாயுதானா மாரடைப்பா என்று வீட்டில் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது. 'என்னால்தானே இந்தச் செலவு' என்று அவர் குறுகிப்போய் உட்கார்ந்திருந்தால், அடுத்த முறை வலி வந்தாலும் வாயைத் திறக்க மாட்டார். எனக்கு பில்லைவிட அதுதான் பெரிய பயம்.

சரி, பில்லுக்கு வருவோம். உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் மொத்தத் தொகை மட்டும் போட்ட தாளாக இருக்கும். பில்லிங் பிரிவுக்கு போன் செய்து, ஒவ்வொரு சேவைக்கும் அதன் கோடு எண்ணோடு பிரித்துப் போட்ட ஐட்டமைஸ்டு பில் வேண்டும் என்று கேளுங்கள். எமர்ஜென்சி வருகைக்கு 99281 முதல் 99285 வரை ஐந்து படிகள் உண்டு, மேலே போகப் போகக் கட்டணம் ஏறும். நெஞ்சுவலிக்கு 99284 அல்லது 99285 போடுவது பல நேரம் நியாயமாகவே இருக்கும், அதனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. மற்ற வரிகளைப் பாருங்கள். ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை இரண்டு முறை இருந்தால் தவறில்லை, சில மணி நேரம் விட்டுத் திரும்பவும் பார்ப்பது வழக்கம்தான். ஒரே ஒரு சிடி ஸ்கேன் எடுத்துவிட்டு இரண்டாகப் போட்டிருந்தாலோ, கொடுக்காத மருந்துக்குக் காசு போட்டிருந்தாலோ எழுத்தில் கேளுங்கள். டாக்டருக்கும் ஸ்கேன் பார்த்தவருக்கும் தனித்தனி பில் பின்னாலேயே வரலாம், அதையும் எதிர்பார்த்திருங்கள்.

அடுத்தது பேரம். இங்கே மருத்துவமனையில் போய் பேரமா என்று கூச்சப்படாதீர்கள், முதல் பில்லில் இருப்பது பட்டியல் விலை, இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பெரும்பாலும் அதைக் கொடுப்பதில்லை. 2021 ஜனவரி முதல் எல்லா மருத்துவமனைகளும் தங்கள் விலைகளை இணையதளத்தில் போட வேண்டும், ரொக்கமாகக் கட்டுபவருக்கான தள்ளுபடி விலையும் அதில் அடக்கம். அதை எடுத்து வைத்துக்கொண்டு, 'செல்ஃப் பே விலைக்கு மாற்றித் தாருங்கள்' என்று கேளுங்கள்.

கூடவே நிதியுதவிக்கும் மனுப் போடுங்கள். லாப நோக்கமற்ற மருத்துவமனை என்றால் நிதியுதவித் திட்டம் வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம். வீடு திரும்பிய பிறகு வரும் முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம், முதல் 120 நாளில் உங்கள் மேல் வழக்கு மாதிரி கடுமையான வசூல் நடவடிக்கை எதுவும் எடுக்கக் கூடாது. நியூஜெர்சியின் மருத்துவமனை நிதியுதவித் திட்டமான சாரிட்டி கேர் பொதுவாக அந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கானது என்றாலும், அவசர சிகிச்சைக்கு வந்த வெளியாருக்கும் அதில் இடமுண்டு. வருமானத்தோடு சேமிப்பையும் பார்ப்பார்கள், டெபாசிட் உட்பட உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அன்று ராத்திரி அவசரத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளையும் தேடிப் பாருங்கள், 'கியாரண்டர்', அதாவது பணத்துக்குப் பொறுப்பேற்பவர் என்று உங்கள் பெயர் இருந்தால் கடன் உங்களையும் பிடிக்கும்.

தொகை ஒத்துவந்தால், 'இதோடு கணக்கு முடிந்தது' என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு கட்டுங்கள். மொத்தமாக முடியாவிட்டால் வட்டியில்லாத் தவணை கேட்கலாம், பல இடங்களில் தருகிறார்கள். இன்ஷூரன்ஸ் தரும் சில நூறு டாலரையும் விடாதீர்கள். அடுத்த முறை ஊரிலிருந்து யார் வந்தாலும், ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று வரம்பு கட்டிய ஃபிக்ஸட் பெனிஃபிட் பாலிசி வேண்டாம், ஆன செலவில் பெரும்பங்கை ஏற்கும் காம்ப்ரிஹென்சிவ் பாலிசியாக எடுங்கள்.

கேள்வி: எனக்கு ஆபீஸ் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. மருத்துவமனை அந்தக் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள நெட்வொர்க்கில்தான் இருக்கிறது, ஆனால் எமர்ஜென்சியில் பார்த்த டாக்டர் நெட்வொர்க்கில் இல்லை என்று தனி பில் வந்திருக்கிறது. ஆம்புலன்ஸுக்கும் ஒன்று. இரண்டையும் கட்ட வேண்டுமா?
- வாசகர், ஒஹாயோ

பதில்: 2022 ஜனவரி 1 முதல் 'நோ சர்ப்ரைஸஸ்' சட்டம் நடைமுறையில் இருக்கிறது. எமர்ஜென்சியில் யார் பார்த்திருந்தாலும், நெட்வொர்க் டாக்டர் பார்த்தால் உங்கள் பங்கு எவ்வளவோ அதற்கு மேல் உங்களிடம் கேட்கக் கூடாது. இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பும் இஓபி என்ற கணக்கு விளக்கத் தாளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று இருக்கும், பில்லை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூடுதலாக இருந்தால் முதலில் இன்ஷூரன்ஸிடம் சொல்லுங்கள், அசையவில்லை என்றால் மத்திய அரசின் உதவி எண் 1-800-985-3059. ஆம்புலன்ஸ் விஷயம் வேறு. ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது, ரோட்டில் ஓடும் ஆம்புலன்ஸ் வரவில்லை. சில மாநிலங்கள் அதற்குத் தனிச் சட்டம் போட்டிருக்கின்றன. உங்கள் மாநில இன்ஷூரன்ஸ் துறையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அந்த பில்லைத் தொடுங்கள்.