சத்து டப்பாவும் ரேஷன் பையும்

வாசகி, திருவாரூர்: கணவர் இல்லை. நாலு வீட்டில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் இருவரும் அரசுப் பள்ளியில். சாப்பாட்டுக்கு மாதம் 2,500 ரூபாய்க்கு மேல் முடியவில்லை. ரேஷன் அரிசி வருகிறது. மற்றதற்கு என்ன வழி?

ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இரண்டையும் எந்த மாதமும் விட்டுவிடாதீர்கள். வெளியே பருப்பு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். பிள்ளைகள் மதியம் பள்ளியிலேயே சாப்பிடட்டும். பள்ளி நாட்களில் சத்துணவோடு முட்டை உண்டு, ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும் உண்டு. கைக்காசில் முதலில் நிலக்கடலை, கேழ்வரகு மாவு, முட்டை வாங்குங்கள். காய் அதற்கு அப்புறம். தெருவில் எவர் வீட்டிலாவது முருங்கை நிற்கும், கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டார்கள். கீரைச் சோற்றில் எலுமிச்சை பிழிந்துகொண்டால் அதிலுள்ள இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தப் பலன் கெட்டுப்போகும், ஒரு மணி நேரம் பொறுங்கள். இன்னொன்று: வாங்குகிற முட்டையில் ஒன்று உங்களுக்கு. பிள்ளைகளுக்குப் பள்ளியில் போடுகிறார்கள், உங்களுக்குத்தான் போட ஆளில்லை.

வாசகர், விழுப்புரம்: ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் அரிசி கலந்திருக்கிறது. ஊறவைத்தால் மிதக்கிறது. பொறுக்கி எறிந்துவிடுகிறோம்.

எறியாதீர்கள். அது இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டப்பட்ட அரிசி. நூற்றுக்கு ஒன்று என்று கலந்திருக்கிறார்கள். காசில்லாமல் வந்த சத்தைச் சாக்கடையில் கொட்டுகிறீர்கள்.

வாசகி, கடலூர்: ரேஷன் கடைக்குப் போனால் 'பருப்பு ஸ்டாக் இல்லை' என்றார்கள். வீடு வருவதற்குள் பருப்பு வாங்கியதாக செல்போனில் மெசேஜ். கேட்டால் எரிந்து விழுகிறார்கள்.

எரிந்து விழ வேண்டியவர் நீங்கள்தான் அம்மா. உங்கள் பருப்பு வேறு யாரோ வீட்டில் வெந்துகொண்டிருக்கிறது. அந்த மெசேஜை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. ரேஷன் புகார் எண் 1967-க்கு போன் செய்யுங்கள். வட்ட வழங்கல் அலுவலருக்கும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சோடு நிறுத்தினால் அடுத்த மாதமும் இதுதான்.

வாசகர், சேலம்: மகன் ஒல்லியாக இருக்கிறான். பால் பவுடர் போல வரும் சத்து மாவை தினம் 5 ரூபாய்ப் பாக்கெட்டாக வாங்கித் தருகிறேன். எந்த பிராண்டு நல்லது?

எதுவும் வேண்டாம். இந்த விஷயத்தில் எனக்கு வயிற்றெரிச்சல் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டின் பின்னால் நிகர எடையைப் பாருங்கள். 15 கிராம் 5 ரூபாய் என்றால் கிலோ 333 ரூபாய்! மொத்தமாக வாங்க வழியில்லாதவரிடம்தான் அதிக விலை வாங்குகிறார்கள். அப்புறம் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எது அதிகமோ அதுதான் முதலில் வரவேண்டும் என்பது சட்டம். முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் சர்க்கரை நின்றால், நீங்கள் மிட்டாய் வாங்குகிறீர்கள். 2024-இல் மத்திய வணிக அமைச்சகமே இவற்றை 'ஆரோக்கிய பானம்' என்ற பிரிவில் வைக்க வேண்டாம் என்று இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொல்லியிருக்கிறது. இவ்வளவு பேசுகிற நானும் ஏமாந்தவன்தான். 'பன்னிரண்டு தானியம்' என்று படம் போட்ட டப்பாவை 480 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் படித்தால் முதலில் கோதுமை, இரண்டாவது சர்க்கரை. மீதிப் பதினொரு தானியமும் வாசனைக்கு. டப்பா மட்டும் உறுதி, இப்போது அதில் ஆணி போட்டு வைத்திருக்கிறேன். மகனுக்கு அதே 5 ரூபாய்க்கு நிலக்கடலையை வறுத்து, வெல்லத்தோடு இடித்து உருண்டை பிடித்துக் கொடுங்கள்.

வாசகர், கோவை: 'கொலஸ்ட்ரால் இல்லாத' எண்ணெய் என்று கூடுதல் விலைக்கு ஐந்து லிட்டர் வாங்கினேன். காலாவதி அடுத்த மாதமே. திருப்பித் தர முடியுமா?

தேதி கேனிலேயே அச்சடித்திருக்கிறதே, யார் மறைத்தார்கள்? எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. பக்கத்து வீட்டோடு பங்கிட்டு ஒரு மாதத்தில் தீர்த்துவிடுங்கள்.

வாசகி, மதுரை: மார்க்கெட் மூடும் நேரத்தில் கூறு போட்ட தக்காளி 20 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

தாராளமாக. ஆனால் கூறின் அடியில் இருப்பதைப் புரட்டிப் பாருங்கள். போன வாரம் நான் புரட்டவில்லை.